கூரையை இழந்த ஆட்டமும் கூரையைத் தேடிய அவையும்

பல்கலைக்கழகமொன்றின் பல்நோக்கு உள்ளக அரங்கு என்பது, கூரையிட்ட ஒரே தளத்தில் விளையாட்டுப் போட்டிகளையும் பட்டமளிப்பு, கலைவிழா, கண்காட்சி, பரீட்சை முதலான பொது நிகழ்வுகளையும் மாறிமாறி நடத்துவதற்கென அமைக்கப்படும் கட்டடமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வகைக் கட்டடத்தின் தோற்றுவாயைத் தேடப் புகுவோர் அடிக்கல் நாட்டிய நாளுடன் நின்றுவிட முடியாது. அங்கு ஒன்றுசேரும் ஆட்டமும் அவையும் வெவ்வேறு வழிகளால் வந்தவை. முன்னது கூரைக்குள் பிறந்து, குடாநாட்டை அடைந்தபின் வெளிக்குப் போனது. பின்னது வெளியிலிருந்து கூரையை நோக்கி நகர்ந்தது.

ஆட்டத்தின் வழியைத் தொடர்ந்து செல்லின், தேடல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தைச் சென்றடைகிறது. உறைபனிக் காலத்தில் மைதானம் பயன்படாதபோது மாணவரை உடற்பயிற்சியில் ஈடுபடுத்தும் பொருட்டு, ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த வை.எம்.சி.ஏ. எனப்படும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அதற்கு அண்மையிலுள்ள ஹோலியோக் நகரில், அதே சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மோர்கன் 1895இல் கரப்பந்தாட்டத்தை அமைத்தார். இவ்விரு ஆட்டங்களும் சுவரும் கூரையும் சூழ்ந்த இடத்துக்கென்றே சிந்திக்கப்பட்டவை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கூடைப்பந்தாட்டத்துக்காக எழுந்த மண்டபங்கள் விரைவிலேயே பொது அவைகளாகவும் பயன்பட்டன. நெய்ஸ்மித் 1898 முதல் பணியாற்றிய கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1955இல் திறக்கப்பட்ட அலன் ஃபீல்ட்ஹவுஸ் என்னும் அரங்கில், 1968இல் ரொபேர்ட் கென்னடி தேர்தல் உரை நிகழ்த்தியமை இதற்குத் தக்க சான்றாகும்.

கரப்பந்தாட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்ததும் கிறிஸ்தவ வாலிபர் சங்கமே. கொழும்புக் கிளையின் உடற்கல்வி இயக்குநரான வோல்ற்றர் கமக் 1916இல் இதனை அறிமுகஞ்செய்தார். உறைபனியறியாத நாட்டில் மண்டபத்துக்குத் தேவை எழவில்லை. ஆதலால், யாழ்ப்பாணத்தில் பாடசாலை முற்றங்களும் சனசமூக நிலையத்தையடுத்த காணிகளும் ஆடுகளங்களாயின. இரு கம்பங்கள், ஒரு வலை, மண்ணில் இட்ட கோடுகள், இரவு ஆட்டமாயின் சில மின்விளக்குகள் என்பவற்றோடு ஆவரங்கால், புத்தூர் போன்ற ஊர்களில் ஆட்டம் வேரூன்றியது. ஒருவர் உயர்த்திக் கொடுக்க மற்றவர் ஓங்கி அடிக்கும் ‘செற்றப்’ முறைக்கு அருகே ‘ஓவர் கேம்’ என்ற உள்ளூர் வடிவமும் சுற்றுப்போட்டிகளில் இடம்பெறலாயிற்று. 1991இல் கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட வேளையில், அது மண்டபத்தில் பிறந்தது என்பதே பெரும்பாலும் நினைவில் இல்லாத அளவுக்கு மண்ணோடு ஒன்றிவிட்டிருந்தது.

கூரைக்குள் ஆடப்படும் மற்றோர் ஆட்டமான பூப்பந்தாட்டம் (பட்மின்ரன்) மட்டும் இந்த இடமாற்றத்துக்கு இசையவில்லை. இறகுப்பந்தின் நிறை 4.74 முதல் 5.50 கிராம் வரையே; தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மே முதல் செப்டெம்பர் வரை குடாநாட்டின் தட்டையான நிலத்தில் தடையின்றி வீசுவதால், வெளிக்களத்தில் அப்பந்து ஆடுவோரின் கைக்கு அடங்குவதில்லை. ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும் மாரி மழையோ மண் களங்கள் அனைத்தையும் முடக்கிவிடும். ஸ்பிரிங்ஃபீல்டில் பனி எழுப்பிய கேள்வியை இங்கு காற்றும் மழையும் எழுப்பின எனலாம்.

அவையின் வழி இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. கோயிலின் வெளிவீதியும் நகரின் முற்றவெளியுமே குடாநாட்டு மக்கள் பெருந்தொகையாய்க் கூடிய இடங்கள். நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தில் நடைபெற்றபோது, இறுதி நாளான 10ஆம் திகதி திரண்ட மக்களை மண்டபம் கொள்ளாமையால் நிகழ்ச்சி அதன் முன்றலுக்கு மாற்றப்பட்டது. அங்கு பொலிஸார் கூட்டத்தைக் கலைக்க முற்பட்டதைத் தொடர்ந்து உயிரிழப்புகள் நேர்ந்தன. அதே ஆண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய திருநெல்வேலி பரமேஸ்வராக் கல்லூரி வளவில், க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. வளாகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தராகப் பொறுப்பேற்றவர், அம்மாநாட்டை முன்னின்று நடத்திய சு. வித்தியானந்தன் ஆவார்.

வித்தியானந்தனின் பெயர் இத்தேடலில் இன்னொரு காரணத்தாலும் முக்கியம் பெறுகிறது. சுற்றிவரப் பார்வையாளர் அமர, திறந்த வெளியில் ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தை, 1960களில் பேராதனையில் மாணவரைக் கொண்டு ஒருபக்கம் மட்டுமே பார்வையாளர் உள்ள படச்சட்ட மேடைக்கு அவர் கொண்டுவந்தார். கூத்தின் பழைய ஆடுகளமான வட்டக்களரிக்கும் படச்சட்ட மேடைக்கும் உள்ள வேறுபாடே உள்ளக விளையாட்டரங்குக்கும் கலையரங்குக்கும் உள்ள வேறுபாடாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கு, ஒரு மேடையை எல்லோரும் நேர்நோக்கியிருக்கும் அமைப்புடையது. விளையாட்டரங்கோ நடுவே தளத்தையும் பக்கங்களில் பார்வையாளர் படிகளையும் கொண்டது. அதில் விழா நடத்துவதாயின், ஓர் ஓரத்தில் தற்காலிக மேடை எழ, தளம் முழுவதும் கதிரைகள் நிரம்ப, படிகளில் இருப்போர் கழுத்தைத் திருப்பியே மேடையைக் காண வேண்டியவராவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாக்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்துவந்தமையும் இவ்விரு அமைப்புகளின் சமரசமே.

இச்சமரசம் எளிதன்று. 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்ட கரப்பந்தாட்டக் களத்துக்கு மேலே, விட்டமோ விளக்கோ குறுக்கிடாத வெளி 7 மீற்றராவது வேண்டும். அவ்வுயரமும் வெறுஞ்சுவர்களும் எதிரொலியை வளர்ப்பதால், மேளமும் நாதஸ்வரமும் ஓங்கி ஒலிக்கும் அதே அரங்கில் பேச்சுரை தெளிவிழக்கும். பூப்பந்தாட்டத்துக்குக் காற்றை அடைக்க வேண்டும். மேலங்கியணிந்த பட்டதாரிகள் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் விழாவுக்கோ அதே காற்றைத் திறந்துவிட வேண்டும். மரத்தளமாயின், கதிரைக் கால்கள் கீறாதவாறு மேலே விரிப்பு இடுவதும் மறுநாள் ஆட்டத்துக்கு முன் அதனைச் சுருட்டுவதும் தவிர்க்கவியலாத வேலைகள்.

ஆயினும் விழா ஆண்டில் சில நாள்களையே எடுத்துக்கொள்ளும். எஞ்சிய நாள்களில் தளம் யாருக்கு என்பதே அரங்கின் தன்மையை வகுக்கிறது. சர்வதேசப் போட்டிகள் உள்ளகத் தளத்தில் நடக்க, மண்ணில் பழகிய ஊர்க்கழக வீரர் அத்தளத்தின் வழுக்கலையும் பந்து எழும் வேகத்தையும் போட்டி நாளிலேயே முதன்முதலாகச் சந்திக்கும் நிலை நீடிக்கக் கூடாது. குடாநாட்டில் ஆட்டத்தைக் காத்து வளர்த்தவை பல்கலைக்கழகத்துக்கு வெளியேயுள்ள ஊர்க் கழகங்களே என்பதால், வளாகத்து அரங்கில் அவற்றுக்கும் முறைவைத்துப் பயிற்சி நேரம் ஒதுக்குவது அவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் நியாயமான முடிவாகும்.