பாலம்பூர்: விக்ரம் பத்ராவின் ஊர்

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில், தௌலாதார் மலைத்தொடரின் அடிவாரத்தில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பாலம்பூர். வடக்கே எங்கு நின்று பார்த்தாலும் பனிச் சிகரங்கள், ஊரைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள். 1849இல் ஜேம்சன் என்ற தாவரவியலாளர் இந்தப் பள்ளத்தாக்குக்குத் தேயிலையைக் கொண்டுவந்தார். 1905 ஏப்ரல் 4ஆம் தேதி ஏற்பட்ட நிலநடுக்கம் காங்ராவில் சுமார் 20,000 உயிர்களைப் பலிகொண்டது. அதன்பின் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். உள்ளூர்க்காரர்கள் விடவில்லை. காங்ரா தேயிலைக்கு 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் பாலம்பூரைத் தேயிலையோடு நிறுத்திவிட முடியாது. காங்ரா தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் மாவட்டம். நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால விருதான பரம்வீர் சக்ரா இதுவரை 21 பேருக்குத்தான் வழங்கப்பட்டிருக்கிறது. அவர்களில் இருவர் இந்த வட்டாரத்துக்காரர்கள்.

முதலாமவர் மேஜர் சோம்நாத் சர்மா. பக்கத்திலுள்ள டாட் கிராமத்தில் 1923இல் பிறந்தவர். ஹாக்கி ஆடி முறிந்த கையில் மாவுக்கட்டோடு, 1947 நவம்பர் 3ஆம் தேதி ஸ்ரீநகர் விமானதளத்தைக் காக்க பட்காமில் போரிட்டு உயிர்விட்டார். பரம்வீர் சக்ராவைப் பெற்ற முதல் வீரர் அவர்தான். அந்தப் பதக்கத்தை வடிவமைத்த சாவித்திரி கானோல்கர் அவருடைய தம்பியின் மாமியார்.

இரண்டாமவர் கேப்டன் விக்ரம் பத்ரா. 1974 செப்டம்பர் 9ஆம் தேதி பிறந்த இரட்டையரில் ஒருவர். தந்தை பள்ளித் தலைமையாசிரியர், தாயும் ஆசிரியை. சண்டிகரில் பட்டப்படிப்பு படிக்கும்போது வணிகக் கப்பலில் வேலை கிடைத்தது. கைநிறையச் சம்பளம். அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு டேராடூன் ராணுவ அகாடமியில் சேர்ந்தார். 1997 டிசம்பரில் 13ஆவது ஜம்மு காஷ்மீர் ரைஃபிள்ஸ் படைப்பிரிவில் அதிகாரியானார்.

ஒன்றரை ஆண்டில் கார்கில் போர் வந்தது. 1999 ஜூன் 20 அதிகாலையில் திராஸ் பகுதியின் 5140 சிகரத்தை அவருடைய அணி மீட்டது. வெற்றிச் செய்தியாக அவர் வயர்லெஸில் சொன்னது, அப்போது எல்லோர் வாயிலும் புழங்கிய ஒரு குளிர்பான விளம்பர வாசகம்: ‘யே தில் மாங்கே மோர்’. இந்த மனம் இன்னும் கேட்கிறது என்று பொருள். தொலைக்காட்சி வழியாக நாடு முழுவதும் அவர் முகத்தை அறிந்தது. அடுத்த இலக்கு முஷ்கோ பள்ளத்தாக்கின் 4875 சிகரம். செங்குத்தான பாறைமேட்டில், நேருக்கு நேர் சண்டை. காயமடைந்த சகவீரரை மீட்கும் முயற்சியில் ஜூலை 7ஆம் தேதி அவர் உயிரிழந்தார். வயது 24. மறு ஆண்டு குடியரசு நாளில் ஜனாதிபதி கே.ஆர். நாராயணனிடமிருந்து மகனின் விருதைத் தந்தை பெற்றுக்கொண்டார். அந்தச் சிகரத்துக்கு இன்று ‘பத்ரா டாப்’ என்று பெயர். 2021இல் வந்த ‘ஷேர்ஷா’ படத்தின் தலைப்பும் போர்க்களத்தில் அவருக்கிருந்த சங்கேதப் பெயர்தான்.

அதே 1999இல் பாலம்பூர் இன்னும் இரண்டு பிள்ளைகளை இழந்தது. கார்கிலில் ஊடுருவல் நடந்ததைக் கண்டறியச் சென்ற முதல் ரோந்து அணிகளுள் ஒன்றின் தலைவர் சௌரப் காலியா. மே மாதம் ஐந்து வீரர்களோடு சிறைபிடிக்கப்பட்டார். சித்திரவதைக் காயங்களோடு உடல்கள் ஜூன் 9ஆம் தேதி திரும்பின. அவருக்கு வயது 22. பனூரி கிராமத்தைச் சேர்ந்த மேஜர் சுதிர் வாலியா ஆகஸ்ட் மாதம் குப்வாராவில் பயங்கரவாதிகளோடு நடந்த மோதலில் உயிர்நீத்தார். அவருக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது.

ஊரின் அரசுக் கல்லூரி இன்று விக்ரம் பத்ரா பெயரில் இயங்குகிறது. நியூகல் ஆற்றோரப் பூங்காவுக்கு சௌரப் வன விஹார் என்று பெயர். பரம்வீர் சக்ரா பட்டியலில் சௌரப் இல்லை. ஊர் அந்தப் பட்டியலைப் பார்த்து நினைவுகூரவில்லை. ஆண்டுக்கொரு முறை மாலை போடும் சிலையைவிட, தினமும் பிள்ளைகள் படிக்கவும் குடும்பங்கள் உலாவவும் பயன்படும் இடங்களுக்கு அவர்கள் பெயரை வைத்தது நல்ல முடிவு.

பதான்கோட்டிலிருந்து சாலை வழியாகவும், காங்ரா விமான நிலையத்திலிருந்து டாக்சியிலும் பாலம்பூர் போகலாம். மழைக்காலத்தைத் தவிருங்கள். தரம்சாலா, பைஜ்நாத் கோயில் என்று திட்டமிடுபவர்கள் இங்கே தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடாமல், ஒரு நாளாவது தங்கிப் பாருங்கள்.