ஆகாயத்தில் பத்து மணி நேரம்... பயப்படாமல்!

மகளுக்கு லண்டனில் பிரசவம். மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பிவிட்டார். பெட்டியில் பருப்புப் பொடியும் பிரசவ லேகியமும் ஏறியாச்சு. அம்மாவுக்கு மட்டும் ராத்தூக்கம் இல்லை. “நடுவானத்துல ஏதாவது ஆயிட்டா?”

அசட்டுப் பயம் என்று தள்ள முடியாது. 2025 ஜூன் 12-ல் அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய போயிங் 787 விழுந்து, அதிலிருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். ஆனால் 2011-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய இந்த ரகத்தில் உயிர்ப்பலி வாங்கிய முதல் விபத்து அதுதான். பத்திரமாக இறங்கிய விமானங்கள் பேப்பரில் வருவதில்லையே! வாருங்கள், சென்னையிலிருந்து லண்டனுக்கு இந்த 787-லேயே போய்ப் பார்ப்போம்.

கிளம்பும்போது...

மேலே எழும்பியதும் காலுக்கடியில் ‘டொம்’மென்று ஒரு சத்தம். சக்கரங்கள் உள்ளே மடங்குகின்றன. சற்று நேரத்தில் இரைச்சல் சட்டென்று குறையும். “ஐயையோ, இஞ்சின் நின்னுடுச்சு!” என்று பக்கத்து ஸீட்காரர் கையைப் பிடிக்க வேண்டாம். எழும்பத்தான் முழு விசை வேண்டும், பிறகு தணித்துவிடுவார்கள். குக்கரில் விசில் வந்ததும் நாம் அடுப்பைக் குறைப்பதில்லையா?

ஜன்னலில் பார்த்தால் இறக்கை ஆடும். ஆடட்டும், மூங்கில் போல வளையத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். 2010-ல் தரையில் நடந்த சோதனையில், பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துச் சுமார் 25 அடி மேலே வளைத்தார்கள். ஒடியவில்லை!

இரண்டே இஞ்சின். ஒன்று நின்றால்? மற்றதை வைத்தே பறந்து இறங்கலாம். அப்படி எட்டக்கூடிய தூரத்தில் விமான நிலையம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வழியே வகுக்கிறார்கள். இரண்டும் நின்றால்? 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு மேலே ஓர் ஏர்பஸ் விமானத்துக்கு எரிபொருள் கசிந்து அப்படித்தான் ஆயிற்று. கல்லாக விழவில்லை. பருந்து போல மிதந்து அஸோர்ஸ் தீவில் இறங்கியது. 306 பேரும் பிழைத்தார்கள்.

குலுங்கும்போது...

குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் போவது போல இருக்கும். ஆபத்து விமானத்துக்கு அல்ல, பெல்ட் போடாதவர்களுக்கு! 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மருக்கு மேலே குலுங்கியதில் ஒருவர் இறந்தார், பலருக்குக் காயம். விமானமோ பாங்காக்கில் பத்திரமாக இறங்கியது. ஆகவே பெல்ட் விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். போர்வைக்கு மேலே தெரியும்படி போட்டுக்கொண்டால், தூங்கும்போது எழுப்பவும் மாட்டார்கள். குலுக்கலுக்குப் பயந்தவர்கள் இறக்கைக்குப் பக்கத்தில் ஸீட் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு.

உடம்புக்கு...

787-க்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான். ஊட்டியே 7,300 அடி! இருந்தாலும் இருதய, சுவாச நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். நாக்கு வறளும், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், காபியைக் குறையுங்கள். பாத்ரூம் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீரை நிறுத்தாதீர்கள். கால் மரத்து ரத்தம் கட்டாமலிருக்க, கணுக்காலைச் சுழற்றுங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள். நெஞ்சு படபடத்தால் மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுங்கள். “எனக்குப் பயமா இருக்கும்மா” என்று பணிப்பெண்ணிடம் சொல்லலாம், வெட்கமே இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள்: ஏறியதும் முன்னாலும் பின்னாலும் வாசல் எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணி வையுங்கள். 2024 ஜனவரி 2-ல் டோக்கியோவில் இறங்கிய ஜப்பான் விமானம் இன்னொரு விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறிய விமானத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள். பெரியதில் இருந்த 379 பேரும் வெளியேறித் தப்பினார்கள். பணியாளர் சொன்னபடி பைகளை விட்டுவிட்டு இறங்கியது அதற்குப் பெரிய உதவி. அப்படி ஒரு சமயம் வந்தால், கைப்பை போனால் போகட்டும். நீங்கள்தான் மகளுக்கு வேண்டும்!

தரை தொட்டதும் பெரிய உறுமல் கேட்கும். வேகத்தைக் குறைக்க இஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்புகிறார்கள். அப்புறமென்ன, ஹீத்ரூ வந்தாச்சு! பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள், மாப்பிள்ளை காத்திருப்பார்.