கோணல் எங்கே தொடங்குகிறது

பேராவூரணியில் பல் டாக்டரிடம் பிள்ளையை அழைத்து வருகிறவர்கள் பெரும்பாலும் சொத்தைப் பல்லுக்காக வருவார்கள். இல்லையென்றால், "பல்லு தூக்கிக்கிட்டு வருது டாக்டர், கிளிப் போட்டுவிடுங்க" என்று வருவார்கள். முகம் ஒரு பக்கமாகக் கோணுகிறது என்று எட்டு வயதுப் பிள்ளையை யாரும் அழைத்து வருவதில்லை. அந்தக் கோணல் வீட்டார் கண்ணில் படுவது பதினைந்து, பதினாறு வயதில், ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுக்கும்போதுதான். அதற்குள் எலும்பு பாதை பிடித்துவிடும். எட்டு வயதில் ஒரு சிறு கருவியால் சரியாகியிருக்கக்கூடியது, பிறகு அறுவை சிகிச்சைவரை போகும். பல் சீரமைப்பு மருத்துவனாக எனக்கு இந்தத் தொழிலில் தீராத கவலை இதுதான்.

பிள்ளை வந்து உட்கார்ந்ததும் நான் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. அம்மா பேசிக்கொண்டிருக்கட்டும், பிள்ளை சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். உதடு தானாக மூடியிருக்கிறதா? கீழுதடு வறண்டு வெடித்திருக்கிறதா? கண்ணுக்குக் கீழே கருமை இருக்கிறதா? உள்ளங்கையால் மூக்கைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துத் தேய்த்து மூக்குத்தண்டின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழுந்திருக்கும். அது ஒவ்வாமை மூக்கின் கையெழுத்து. அதைப் பார்த்துவிட்டால் அடுத்த கேள்வி பல்லைப் பற்றியதல்ல: "இழுப்பு உண்டா? வீசிங்குன்னு நெபுலைசர் வச்சிருக்கீங்களா?"

"அது நெஞ்சுல டாக்டர். பல்லு வேற" என்பார்கள்.

வேறு அல்ல. ஆனால் இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். ஆஸ்துமா தாடையைக் கோணலாக்குவதில்லை. அது நுரையீரலுக்குள் இருக்கும் காற்றுக் குழாய்களைச் சுருக்கும் நோய். வாயைத் திறக்க வைப்பது மூக்கடைப்பு. இழுப்பு உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஒவ்வாமையால் வரும் மூக்கடைப்பும் சேர்ந்தே இருக்கிறது என்பதால்தான் இரண்டும் ஒரே பிள்ளையின் முகத்தில் சந்திக்கின்றன. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதையும் வளர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

மூக்கு அடைத்தால் வாய் திறக்கும். வாய் திறந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும். மேல்தாடை அகலமாக வளர்வதற்கு, அண்ணத்தோடு ஒட்டிக் கிடக்கும் நாக்கின் தாங்கல் வேண்டும். அது போனதும் இரு பக்கக் கன்னங்களின் அழுத்தம் மட்டும் மிஞ்சும். மேல்தாடை குறுகும், அண்ணம் குழிந்து உயரும், கீழ்த்தாடை தொங்கித் தொங்கி முகம் நீளும். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் நமக்கு இது புரியாததல்ல. மேலே எங்கோ அடைப்பு விழுந்தால், காய்வது கடைசி வயல்.

எகில் ஹார்வோல்டு என்ற ஆய்வாளர் ரீசஸ் குரங்குகளின் மூக்குத்துளைகளைச் சிலிக்கோன் அடைப்பான்களால் மூடிப் பார்த்து, 1981இல் முடிவுகளை வெளியிட்டார். எல்லாக் குரங்குகளுக்கும் ஒரே விதமான தாடை அமையவில்லை. ஒன்று தாடையைத் தொங்கவிட்டது, ஒன்று முன்னால் நீட்டியது, ஒன்று மூச்சுக்கு மூச்சு அசைத்தது. எந்தக் குரங்கு எப்படிப் பழகிக்கொண்டதோ அதற்கேற்ப அதன் எலும்பு மாறியது. சுவீடனில் லிண்டர்-ஆரன்சன் என்ற ஆய்வாளர், அடினாய்டு எடுத்த பிறகு மூக்கால் சுவாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளின் பல்வரிசையும் தாடையும் ஓரளவு தாமாகத் திரும்பி வருவதைக் காட்டினார். பரம்பரையும் இதில் உண்டு; அப்பாவின் நீள முகம் பிள்ளைக்கும் வரும். அதனால் வாய் திறந்து தூங்கும் எல்லாப் பிள்ளைக்கும் முகம் கெட்டுவிடும் என்று பயமுறுத்துவது தவறு.

நீள முகம் ஒரு பக்கம் இருக்கட்டும். கோணல் எப்படி வருகிறது என்பதுதான் முக்கியம். மேல்தாடை இரு பக்கமும் சமமாகத்தான் குறுகுகிறது. ஆனால் பிள்ளை வாயை மூடும்போது பல்லோடு பல் சரியாகப் பொருந்தாமல், பெரும்பாலும் ஒரு பால் கோரைப்பல் முதலில் முட்டும். வசதியாகக் கடிப்பதற்காகக் கீழ்த்தாடை ஒரு பக்கமாகச் சறுக்கும். ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும், ஒவ்வொரு விழுங்கலிலும் அதே சறுக்கல். தாடையின் ஒரு மூட்டு முன்னால் வர, இன்னொன்று குழிக்குள் பின்தங்கும். இரு பக்கத் தசைகளும் வேறு வேறு அளவில் வேலை செய்யும். எலும்பு வளரும் வயதில் ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் சறுக்கல் எலும்பாகவே ஆகிவிடும். வளர்ந்தவரின் முகத்தில் நாம் பார்க்கும் கோணல் மோவாய்க்குப் பின்னால் சில சமயம் இந்தச் சின்னச் சறுக்கல்தான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வேண்டியதில்லை. பிள்ளையைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, தலைக்குப் பின்னால் நின்று நெற்றிக்கு மேலிருந்து மோவாயைப் பார்க்கிறேன். முன்னால் நின்று பார்த்தால் தெரியாத விலகல் அங்கிருந்து தெரியும். பிறகு புருவ மத்தியிலிருந்து மோவாய் வரை ஒரு நூலைப் பிடிக்கிறேன். ஐஸ் குச்சி போன்ற மரத் தகட்டைக் குறுக்காகக் கடிக்கச் சொன்னால், அது கண்களின் கோட்டுக்கு இணையாக நிற்கிறதா, ஒரு பக்கம் ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடைசியாக முக்கியமான சோதனை. "நல்லா ஆ காட்டு. இப்ப மெதுவா, மெதுவா மூடு." அகலத் திறந்திருக்கும்போது மேல் முன்பற்களின் நடுக்கோடும் கீழ் நடுக்கோடும் நேராக நிற்கும். மூடிக்கொண்டே வந்து, பல் தொடும் அந்தக் கணத்தில் கீழ்க்கோடு படக்கென்று விலகும். அப்படி விலகினால் எனக்கு மகிழ்ச்சி. ஏனென்றால் கோணல் இன்னும் கடியில்தான் இருக்கிறது. திறந்திருக்கும்போதே கோடு விலகியிருந்தால் எலும்பிலேயே வேறுபாடு இருக்கக்கூடும்.

அப்போது இன்னொரு கேள்வியும் கேட்கிறேன்: சின்ன வயதில் மோவாய் அடிபட விழுந்தானா? சைக்கிளிலோ படிக்கட்டிலோ விழுந்து காதுக்கு முன்னால் உள்ள மூட்டில் ஏற்பட்ட முறிவு தெரியாமலே போயிருந்தால், அந்தப் பக்கத் தாடை வளர்ச்சி தடைபடும். அந்தக் கோணலை இழுப்பின் தலையில் கட்டக் கூடாது.

சறுக்கல்தான் என்று தெரிந்தால் வழி எளிது. முட்டும் பால் பல்லைச் சற்றே உரசினாலே சிலருக்குப் போதும். மற்றவர்களுக்கு அண்ணத்தில் நடுவே திருகு வைத்த விரிவுக் கருவி. மேல்தாடை, நடுவில் தையலிட்ட இரண்டு எலும்புகள். வளரும் வயதில் அந்தத் தையல் இன்னும் இறுகியிருக்காது. 1860இலேயே சான்பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் ஒரு சிறுமிக்குத் திருகு வைத்து விரித்துக் காட்டினார்; அன்றைக்குப் பலர் நம்பவில்லை. வீட்டில் அம்மாதான் சாவி போட்டுத் திருப்ப வேண்டும். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர் அளவு. சாவியில் நூல் கட்டிக் கொடுப்பது, அது தொண்டைக்குள் போய்விடாமல் இருக்க. சில நாளில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். "இருந்ததும் கெட்டுப்போச்சே" என்று பதறி வருவார்கள். எலும்பு விலகியதற்கு அந்த இடைவெளிதான் சாட்சி. பிறகு அது தானாக மூடிக்கொள்ளும். இதனால் மூக்கின் உள்வழியும் சற்று அகலும். அதற்காக இது இழுப்புக்கு வைத்தியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூக்கு திறக்காமல் தாடையை மட்டும் விரித்தால் பலன் நிற்காது. அதனால் எங்கள் வேலை பாதி, காது மூக்கு தொண்டை மருத்துவருடையதும் குழந்தை மருத்துவருடையதும் பாதி. தேவைப்பட்டால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

இழுப்புக்குப் போடும் இன்ஹேலர் பம்ப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "பம்ப்பு பழகிடும்னு நிறுத்திட்டோம்" என்று சொல்லும் அப்பாயிகளை நான் வாரம் தவறாமல் சந்திக்கிறேன். அப்பாயி, பம்ப் பழகாது. மூச்சு இழுக்கும்போது மட்டும் அடிப்பது ஒன்று, தினமும் போட வேண்டியது இன்னொன்று. இரண்டாவதை நன்றாக இருக்கிறான் என்று நாமாக நிறுத்தக் கூடாது. பல்லுக்கு அதனால் கெடுதல் வராமல் இருக்க ஒரே ஒரு காரியம்: ஸ்பேசர் குழாய் வைத்துப் போட்டு, போட்ட கையோடு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், சொத்தையும் சீக்கிரம் வரலாம்.

நம் ஊர்க் காற்றும் சுத்தமில்லை. சம்பா அறுவடையின் வைக்கோல் தூசி, நெல் மில்லின் தவிடு, தேங்காய் மட்டை உடைக்கும் நார் ஆலைகளின் புழுதி, கதவைச் சாத்திக்கொண்டு கொளுத்தும் கொசுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துக் கூரை போன வீடுகளில் ஈரம் ஏறிய சுவர்களில் பூஞ்சையும் சேர்ந்தது. ஆலைத் தூசியை ஒரு குடும்பத்தால் நிறுத்த முடியாது. ஆனால் பிள்ளை படுக்கும் அறையில் கொசுவத்திக்குப் பதில் கொசுவலை கட்டலாம். தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை நன்றாகச் சுடும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடலாம்.

அரசின் தேசிய சிறார் நலத் திட்டம் (ஆர்.பி.எஸ்.கே.) 2013இல் தொடங்கியது. அதில் பரிசோதிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் மூச்சிரைப்பும் இருக்கிறது, பல் நோய்களும் இருக்கின்றன. பள்ளிக்கு வரும் குழுவினரிடம் என் வேண்டுகோள்: இழுப்பு என்று குறிக்கும் பிள்ளையை அப்படியே "ஆ காட்டு, மெதுவா மூடு" என்று சொல்லி நடுக்கோட்டைப் பாருங்கள். அரை நிமிடம் ஆகும்.

பெற்றோரே, இன்று இரவு பிள்ளை தூங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். வாய் திறந்திருக்கிறதா, குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறதா, தலையணை எச்சிலில் நனைந்திருக்கிறதா? சளி பிடிக்காத நாளிலும் இப்படி இருந்தால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். மூச்சு நின்று நின்று வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஏழு வயது ஆகும்போது, பல் வரிசையாகவே இருந்தாலும், கடியை ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.