கோபுரத்துக்கு ஹாஸ்

ஸ்ரீரங்கம் கோயில், ரெங்கவிலாச மண்டபம். மத்தியானம் மூன்று மணி. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, கூடவே வழிகாட்டி. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. பெரிய சந்தனப் பொட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா. வலது கை உயர்ந்தது.

"திஸ் டெம்பிள் இஸ் ஹேவிங் ட்வெண்ட்டி ஒன் கோபுரம்ஸ். செவன் பிரகாரம். ராஜகோபுரம் இஸ் ஹேவிங் டூ தர்ட்டி சிக்ஸ் ஃபீட்!"

தகவலில் ஒரு குறையும் இல்லை. 21 கோபுரங்கள், ஏழு சுற்று, 156 ஏக்கர். பதின்மூன்று நிலை ராஜகோபுரம் 236 அடி, 1987-இல் குடமுழுக்கு. இடறியது இலக்கணம் மட்டும்தான்.

அடுத்த தூணில் சாய்ந்திருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. ரிடயர்டு இங்கிலீஷ் வாத்தியார் என்று அவர் முகம் சுளித்த விதமே சொல்லிற்று. தம்பதி தூண் சிற்பத்தைப் படமெடுக்க நகர்ந்ததும் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, ஹேவிங் லஞ்ச்னு சொல்லலாம். அது நடந்துண்டிருக்கற காரியம். கோபுரம் என்னிக்கும் இருக்கறது இல்லையோ? டெம்பிள் ஹாஸ்னு சொல்லேன்."

"ஹாஸ்னா சட்டுனு முடிஞ்சுடுது சார். இஸ் ஹேவிங்னு இழுத்தாத்தான் அவங்க நிமிந்து பாக்க நேரம் கிடைக்கும்."

இப்படி ஒரு காரணத்தை எந்த இலக்கணப் புத்தகமும் யோசித்திருக்காது. ஆனாலும் வாத்தியார் சொன்னதுதான் சரி. உடைமை, அறிவு, விருப்பம், நம்பிக்கை இவற்றைச் சொல்லும் வினைகளுக்குப் பொதுவாக ஐஎன்ஜி ஒட்டாது. ஐ நோ, ஐ வாண்ட், ஐ ஹேவ். நாமோ பெண் பார்க்கப் போன இடத்திலும் "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்போம். மனசுக்குள் 'இருக்கு' என்று ஓடும்போதே 'இஸ்' முந்திக்கொள்கிறது என்பது என் ஊகம்.

தம்பதி திரும்பி வந்தார்கள்.

"டெம்பிள் ஹாஸ் ஹேவிங் தவுசண்ட் பில்லர் ஹால் ஆல்சோ," என்றார் வழிகாட்டி. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்சைட், லார்ட் ரங்கநாதா இஸ் ஸ்லீப்பிங். ஃபேசிங் சவுத்."

கண் திறந்தது. தலை மெல்ல ஆடியது. பள்ளிகொண்ட பெருமாள் விஷயத்தில் திருத்த ஒன்றுமில்லை.

"திஸ் சைட் காவேரி இஸ் ஃப்ளோயிங். தட் சைட் கொள்ளிடம் இஸ் ஃப்ளோயிங்."

"ஃப்ளோஸ்!" பெரியவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். "ஆறு எப்பவும் ஓடறதுப்பா. சிம்பிள் பிரசண்ட்."

வழிகாட்டி திரும்பிப் பார்த்தார். "கொள்ளிடம் எங்க சார் எப்பவும் ஓடுது? தண்ணி விட்டாத்தானே?"

தம்பதி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பெரியவர் பதில் சொல்லவில்லை.

மேட்டூர் நிரம்பி, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் உபரிநீர் போய்க்கொண்டிருந்த வாரம் அது. இஸ் ஃப்ளோயிங்கில் ஒரு தப்பும் இல்லை.