டென்வரில் ஓர் அவுன்ஸ்

புதுச்சேரிக்காரன் பியர் திருவிழா பார்க்க அமெரிக்கா போனான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். அதிலும் கலால் துறையில் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன், ஒரு சொட்டும் தொடாதவன்.

2019 அக்டோபரில் டென்வரில் மகன் வீட்டில் இருந்தேன். "குடிக்க வேணாம்ப்பா, சும்மா வந்து பாருங்க" என்றான். குடிக்காமல் வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கென்று அங்கே குறைந்த விலையில் டிக்கெட் இருந்தது. கார் ஓட்டவே தெரியாத எனக்கு அந்த டிக்கெட். போனதும் வந்ததும் ரயிலில்!

மாநாட்டு மையத்தின் வாசலில் நாற்பதடி நீலக் கரடிச் சிலை ஒன்று கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்க்கிறது. உள்ளே பலர் கழுத்தில் பிரெட்ஸல் மாலை. நம் முறுக்குக்குத் தூரத்து உறவு, கடித்துக்கொண்டே நடக்கிறார்கள். கையில் சின்னக் கோப்பை. ஒரு தடவைக்கு ஓர் அவுன்ஸ்தான், அதாவது 30 மில்லி.

1978 வரை அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சுவது சட்ட விரோதம். அந்த ஆண்டு ஜனாதிபதி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார், தடை போனது. சட்டத்தில் ஒரு வரி மாறினால் என்னவெல்லாம் நடக்கும் என்று கலால் குமாஸ்தாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் காய்ச்சிப் பழகியவர்கள் பலர் சிற்றாலைகள் தொடங்கினார்கள். பள்ளி ஆசிரியராக இருந்த சார்லி பபாசியன் 1982-ல் போல்டர் நகரில் இந்த விழாவை ஆரம்பித்தார். இருபது சொச்சம் ஆலைகள், சுமார் 800 பேர். 1984-ல் டென்வருக்கு மாறியது. நான் போன வருடம் மூன்று நாளில் அறுபதாயிரம் பேர். ஆலைகளே சுமார் 800. அன்று வந்த கூட்டத்தின் கணக்கு, 2019-ல் ஆலைகளின் கணக்கு.

என் அப்பாவைக் கொண்டுபோனது சாராயம். கடையில் நின்று, கண்ணை மூடி ஒரே மடக்கு. வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். ருசித்துக் குடித்து நான் பார்த்ததில்லை. பிறகு அலுவலகத்தில் நான் பார்த்ததும் லிட்டரும் வரியும்தான்.

பிரெஞ்சுப் பள்ளியில் 'தெகுஸ்தாசியோன்' என்றொரு சொல் படித்தேன். கொஞ்சமாக நாக்கில் நிறுத்தி ருசி பார்ப்பது. அதை நேரில் கண்டது அங்கேதான். தலை நரைத்த ஒருவர் தானே காய்ச்சியதை ஊற்றிக் கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் முகர்ந்து மட்டும் பார்த்தேன். வறுத்த காப்பிக்கொட்டை வாசனை.

இப்படி ஒருவர் அப்பாவுக்கு ஓர் அவுன்ஸ் கொடுத்துக் கேட்டிருந்தால்? அதையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டியிருப்பார். அப்படி நீட்டியவர்களை அந்த மண்டபத்திலும் கண்டேன்.

திரும்பும்போது ரயிலில் மகன் கேட்டான்: "எத்தனை கோப்பைன்னு எண்ணிக்கிட்டே வந்தீங்கதானேப்பா?"

"பதினொன்று."

"ஒரு பாட்டில்கூட ஆகலையே!"

மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தேன். 330 மில்லி. அவர்கள் ஊர் பாட்டில் 355. கணக்கு சரிதான். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.