ஏலக்காய்ப் பணமும் எழுபது வயதும்

ஜூலை 3, 2025. கம்பம்

விடியுமுன்பே ஜீப்புகள் கம்பம்மெட்டு ஏறிவிடும். இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிற பெண்கள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அஞ்சலக ஆர்.டி. முகவரான எனக்கு இந்தத் தெருவில் வசூல் நேரம் விளக்கு வைத்த பிறகுதான். மாதம் ஐந்நூறு கட்டுகிற ஒருத்தி இன்று கேட்டாள்: "அக்கா, முட்டி தேஞ்சு மலைக்குப் போக முடியாமப் போனா, எனக்கு யாரு சம்பளம் குடுப்பா?"

அடல் பென்ஷன் பற்றிச் சொன்னேன். அவளுக்கு 35 வயது. மாதம் 902 ரூபாய் கட்டினால் 60-க்குப் பிறகு மாதம் 5000 ரூபாய் வரும். அவளுக்குப் பின் கணவனுக்கும் அதே தொகை. அவரும் போனபின் வாரிசுக்கு எட்டரை லட்சம். அதே 5000-க்கு, 18 வயதான அவள் மகள் கட்ட வேண்டியது மாதம் 210 ரூபாய்தான். மகளை உடனே சேர்க்கச் சொன்னேன். கூடவே, மறைக்காமல் இதையும் சொன்னேன்: விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 25 வருஷம் கழித்து அந்த 5000 ரூபாய்க்கு இன்றைய 1200 ரூபாய் மதிப்புக்கூட இருக்காது. அதனால் ஆர்.டி.யை நிறுத்தக் கூடாது. ஐந்நூறு வீதம் ஐந்து வருஷம் கட்டினால், இப்போதைய 6.7 சதவீத வட்டியில் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் கையில் நிற்கும்.

ஆகஸ்ட் 7. போடி

மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற வீடு. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டதை இந்த வீட்டு அண்ணன் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். மூன்று வருஷத்துக்குள் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே போனதைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார். அந்த நல்ல வருஷத்துப் பணம் இன்னும் கொஞ்சம் நிலமாகவும் மதினி கழுத்தில் நகையாகவும் ஆனது. விலை விழுந்தபோது நகை அடகுக்குப் போனது.

பிப்ரவரி, மார்ச் வந்தால் மாதச் சம்பளக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். 80சி பிரிவில் ஒன்றரை லட்சம் காட்டினால் வரி குறையும், அதற்காக. தோட்டக்காரர் எவரும் அப்படி வந்ததில்லை. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை, ஆகவே சேமிக்கச் சொல்லித் துரத்த ஆளும் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கின் முதுமையைப் பற்றி எனக்குள்ள பெரிய கவலை இதுதான். வரிவிலக்கு வீட்டுக்கு ஓய்வூதியம் தராது.

மாதாமாதம் கட்டச் சொன்னால் ஏலக்காய் வீட்டுக்கு ஒத்துவராது. காய் வரும்போதுதான் பணம். அதனால் பி.பி.எஃப். போடச் சொன்னேன். வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும், மொத்தமாகவோ பிரித்தோ கட்டலாம். மோசமான வருஷத்தில் 500 ரூபாய் போதும், நல்ல வருஷத்தில் ஒன்றரை லட்சம் வரை. ஏப்ரல் 5-ஆம் தேதிக்குள் போட்டால் முழு ஆண்டுக்கும் வட்டி. வருஷம் ஒன்றரை லட்சம் வீதம் 15 வருஷம் போட்டால், 7.1 சதவீதத்தில் 40 லட்சத்தைத் தாண்டும். வட்டிக்கும் வரி இல்லை. கடனுக்காக நீதிமன்றத்தில் டிகிரி வாங்கி வந்தாலும் அதை ஜப்தி செய்ய முடியாது என்றதும் மதினி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

செப்டம்பர் 22

ஆண்டிப்பட்டி மில்லில் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா மகன் வந்திருந்தான். புதிய வரிமுறையில் சம்பளக்காரருக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வரி வராது. "அப்புறம் எதுக்கு சித்தி பி.பி.எஃப்.?" என்றான். படித்த பிள்ளையும் தோட்டக்கார அண்ணனும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். வரி போனதில் மிஞ்சுகிற பணத்தைச் சம்பளத் தேதியிலேயே தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு இன்று முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு எடுக்க இதைவிட நல்ல நேரம் வராது.

அக்டோபர் 5

மாமாவின் திராட்சைத் தோட்டத்தைப் பிளாட் போடுகிறவர்கள் கேட்கிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர்த் திராட்சைதான் அங்கேயும். மாமாவுக்கு 66 வயது, பிள்ளைகள் கோயம்புத்தூரில். "விவசாய நிலந்தானம்மா, வரி வராதுல்ல?" என்றார்.

வரும். 2011 கணக்கெடுப்பில் கம்பத்தின் மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல், ஒரு லட்சத்துக்குக் கீழ். அப்படிப்பட்ட நகராட்சிக்குள்ளோ, அதன் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கிலோமீட்டருக்குள்ளோ இருந்தால், பயிர் நின்றாலும் அது மூலதனச் சொத்து. மாமாவின் தோட்டம் எல்லையை ஒட்டியே இருக்கிறது. லாபத்தில் 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்பதால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். புதிய வரிமுறையின் 12 லட்சம் தள்ளுபடி இந்த லாபத்துக்குப் பொருந்தாது. போடி, சின்னமனூர், கூடலூர் ஓரங்களில் எத்தனை பேர் இதைத் தெரியாமல் முன்பணம் வாங்கியிருப்பார்கள்!

54பி பிரிவில் வழி உண்டு. இரண்டு வருஷத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் அந்த அளவுக்கு வரி விலக்கு. மாமா அங்கேயே துள்ளிவிட்டார். நான் மறுத்தேன். வரியைத் தப்பிக்க 66 வயதில் இன்னொரு தோட்டமா? மருந்தடிக்க, கவாத்து வெட்ட, பந்தல் பார்க்க யார் இருக்கிறார்கள்? வரியைக் கட்டிவிட்டு 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கணக்கில் விழும். வருஷ வட்டி 2,46,000 ரூபாய். அந்த வருஷத்து மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்றால் மட்டும், வட்டியில் வரி பிடிக்காமலிருக்க 15எச் படிவம் கொடுக்கலாம். அத்தை பெயரிலும் போடலாம். ஆனால் மாமா கொடுத்த பணமாக இருந்தால் அந்த வட்டி மாமா வருமானத்தில்தான் சேரும்.

அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "அந்தப் படிவம் ரெண்டு எடுத்துட்டு வா" என்றார்.

அக்டோபர் 14

ஒப்பந்தம் போடும் முன்பே மாமா ஆடிட்டரைப் பார்த்துவிட்டார். பாதித் தோட்டம் மட்டும் கைமாறுகிறது. வரிக்கான தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன், இல்லையென்றால் அதுவும் யாருக்காவது கைமாற்றாகப் போய்விடும். மீதிப் பாதியில் பன்னீர்க் கொடி நிற்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் குத்தகைக்கு விடப் பேசி வருகிறார். பயிர் நிலமாக இருக்கும்வரை அந்தக் குத்தகையும் விவசாய வருமானமே.