ஒரு தாமதமான விடுப்பு விண்ணப்பம்



போன ஞாயிற்றுக்கிழமை 1998 பத்தாம் வகுப்பு மாணவர்களின் சந்திப்புக்கு நான் வரவில்லை. "டீச்சருக்கு உடம்பு சரியில்லையாம்" என்று மேடையில் சொன்னீர்களாம். நான்தான் அப்படிச் சொல்லி அனுப்பினேன். அது பொய். காய்ச்சல் என்று லீவு லெட்டர் கொடுத்துவிட்டு சினிமாவுக்குப் போனவர்களை பெஞ்ச் மேல் ஏற்றியவள் நான். அதனால் உண்மையை எழுதிவிடுகிறேன். வீட்டில் சுந்தரிக்கு உடம்பு சரியில்லை. சுந்தரி எங்கள் பூனை.

வயது 16. 2009-ல் ஒரு மழை நாளில், பள்ளிக்கூட சைக்கிள் ஷெட்டில் நனைந்துகொண்டு கிடந்த குட்டியை உங்கள் கணக்கு சார் டிபன் பையில் போட்டுக் கொண்டுவந்தார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவருடைய சாய்வு நாற்காலி இன்னும் அவளுக்குத்தான்.

போன கத்திரி வெயிலில் சுந்தரி நிறையத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். கிண்ணத்தில் வைத்தால் முகம் திருப்புகிறவள், குளியலறை வாளி வரை தேடிப் போனாள். எனக்கு சந்தோஷம். பெரிய கிண்ணமாக மாற்றி வைத்தேன். மணல் தட்டு தினமும் சதசதவென்று நனைந்து கிடந்ததையும் பார்த்தேன். வெயில், குடிக்கிறாள், போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

உங்களுக்கு நினைவிருக்கும், நெஃப்ரான் படம். பௌமானின் கிண்ணம் பச்சை சாக்பீஸ், ஹென்லே வளைவு மஞ்சள். சிறுநீர் எப்படி அடர்த்தியாகிறது என்று ஐந்து மார்க் கேள்வி கேட்பேன். அந்த வேலை கெட்டுப்போனால் தண்ணீர் தங்காமல் போய்க்கொண்டே இருக்கும், தாகம் அடங்காது. முப்பது வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்தவளுக்கு வீட்டுக்குள் நடந்தபோது தெரியவில்லை. முதுகெலும்பு கையில் தட்டுப்பட்ட பிறகுதான் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கிரியாட்டினின் 4.1. பூனைக்கு 1.6-க்குள் இருக்க வேண்டும். மனிதனின் ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் என்றால், பூனைக்குச் சுமார் 2 லட்சம்தான். முக்கால் பங்கு வேலை செய்யாமல் போகும்வரை இந்த எண் பெரிதாக ஏறாது. போனது போனதுதான், மீதியைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். உப்புக் கருவாடு அன்றோடு நின்றது. பாஸ்பரஸ் குறைந்த தனி உணவு வாங்கினேன். மோந்து பார்த்துவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டாள். பட்டினி கிடப்பதைவிட எதையாவது சாப்பிடுவது முக்கியம் என்றதால், அதையே லேசாகச் சூடாக்கி, உப்பில்லாத கோழி வேகவைத்த தண்ணீர் ஒரு ஸ்பூன் விட்டுக் கொடுக்கிறேன். வாசனை வந்தால் நாலு வாய்.

அடுத்தது சலைன். நாள் விட்டு நாள் ரிங்கர் லாக்டேட் 100 மில்லி, தோலுக்கடியில். ஊசி நானே போடுகிறேன். பாட்டிலை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, காலண்டர் ஆணியில் மாட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே தளர்ந்த தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிக் குத்த வேண்டும். முதல் நாள் ஊசி அந்தப் பக்கமாக வெளியே வந்து பாதித் தண்ணீர் என் புடவையில். கை நடுங்கியது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாளே தவிர, கடிக்கவில்லை. இப்போது பழகிவிட்டது. ஏறின தண்ணீர் ஒரு திமில் மாதிரி நின்று, முன்னங்காலுக்கு இறங்கி, சாயங்காலத்துக்குள் உடம்பில் சேர்ந்துவிடும்.

"பூனைக்கு குளுக்கோஸ் ஏத்துறியாமே?" என்று என் நாத்தனார் போனில் சிரித்தார். அவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும். ஆமாம், ஏத்துகிறேன்.

போன வாரம் எண் 5.8. இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை, வெறும் நுரையாக வாந்தி. அந்த ஞாயிறுதான் உங்கள் சந்திப்பு. ரொம்பக் கஷ்டப்பட்டால் தூங்க வைத்துவிடலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். மகள் டொராண்டோவிலிருந்து, "அம்மா, உங்களுக்காக அவளை வச்சிருக்காதீங்க" என்றாள். கோபம் வந்தது. ராத்திரி முழுக்க யோசித்ததில், அவள் கேட்டது சரியான கேள்வி என்றும் பட்டது. சார் போன பிறகு இந்த வீட்டில் நான் பேசுவது இவளிடம்தான். ஊசி யாருக்காகப் போடுகிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பால்காரர் மணி அடித்ததும் வாசல்படிக்கு வந்து உட்காருவது அவள் வழக்கம். காலண்டரில் வந்த நாளுக்கு டிக், வராத நாளுக்கு சுழி. இந்த வாரம் நாலு டிக், மூன்று சுழி. சுழி மேலே போனால் டாக்டருக்குப் போன் செய்வதாக மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் பத்து வயது தாண்டிய பூனை இருந்தால் வருஷம் ஒரு முறை ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிடுங்கள். நிறையத் தண்ணீர் குடித்தால் என்னைப் போல சந்தோஷப்படாதீர்கள். காய்ச்சல் என்று நாம் போடும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

சந்திப்புப் படங்களையெல்லாம் பார்த்தேன். கடைசி வரிசையில் வழுக்கைத் தலையோடு நிற்பது யார் என்று தெரியவில்லை, பெயர் போடுங்கள். பாட்டில் வெந்நீரில் இருக்கிறது, ஆறுவதற்குள் போகிறேன்.